புதிர் கேட்டவர்களுக்கு ஓர் ஊர்: பாபி ஜென்ட்ரியின் இரண்டாவது ஆல்பம்

1967 அக்டோபர் நடுவில், பில்போர்டு ஆல்பம் பட்டியலில் 15 வாரங்களாக முதலிடத்தில் இருந்த பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' கீழே இறங்கியது. அந்த இடத்துக்கு வந்தது மிசிசிப்பி கிராமத்தில் வளர்ந்த ஓர் இளம் பெண்ணின் முதல் ஆல்பம். பாடகியின் பெயர் பாபி ஜென்ட்ரி, ஆல்பத்தின் பெயர் 'ஓட் டு பில்லி ஜோ'. நான்கு மாதம்கூட ஆகவில்லை, 1968 பிப்ரவரி தொடக்கத்தில் அவருடைய இரண்டாவது ஆல்பம் 'தி டெல்டா ஸ்வீட்' கடைகளுக்கு வந்தது. அதே பட்டியலில் அது எட்டிய உச்சம் 132ஆம் இடம். அந்த மாதக் கடைசியில் நடந்த கிராமி விழாவில் ஜென்ட்ரி மூன்று விருதுகள் பெற்றார். சிறந்த புதுமுகத்துக்கான விருதைக் கன்ட்ரி இசைக்காரர் ஒருவர் வாங்கியது அதுவே முதல்முறை. எல்லாம் முதல் ஆல்பத்தின் தலைப்புப் பாடலால் கிடைத்தவை. கடையில் புதிதாக இருந்த ஆல்பத்தை அந்த விருதுகளாலும் மேலே தூக்க முடியவில்லை.

முதல் வெற்றியின் பளுவில் இரண்டாவது முயற்சி சரிவது இசைத்தொழிலில் புதிதில்லை. ஜென்ட்ரியின் கதையையும் பலர் அப்படிச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. 'தி டெல்டா ஸ்வீட்' முதல் ஆல்பத்தைவிட ஆழமானது, துணிச்சலானது. 1960களில் கன்ட்ரி இசையை ஒட்டி வந்த படைப்புகளில் அதற்கு இணையாகச் சொல்லக்கூடியவை மிகச் சில. அது தோற்றதற்குக் காரணம், கேட்க வந்தவர்கள் கையில் வைத்திருந்த கேள்வி. அந்தக் கேள்வியில் பாடகிக்கு ஒருபோதும் அக்கறை இருந்ததில்லை.

கேள்வி முதல் பாடலிலேயே பிறந்துவிட்டது. 'ஓட் டு பில்லி ஜோ'வில் ஒரு பெண் தன் வீட்டு மதியச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறாள். வயல் வேலை முடித்து வந்து எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் டாலஹாச்சி பாலத்திலிருந்து குதித்து இறந்துபோன செய்தி, தட்டுகள் கைமாறுவதற்கு நடுவே பேச்சில் வந்து போகிறது. அப்பா ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த பண்டத்தைக் கேட்கிறார். அண்ணனுக்குப் பழைய விளையாட்டு ஒன்று நினைவுக்கு வருகிறது. மகள் ஏன் சாப்பிடாமல் இருக்கிறாள் என்று மட்டும் அம்மா கேட்கிறாள். அந்தப் பெண்ணைப் போலவே ஒருத்தியும் இறந்தவனும் பாலத்திலிருந்து எதையோ ஆற்றில் எறிந்ததைப் பார்த்தவர் இருக்கிறார் என்பதும் அதே மூச்சில் சொல்லப்படுகிறது.

அமெரிக்கா முழுவதும் அந்தக் கடைசிச் செய்தியைப் பிடித்துக்கொண்டது. எறிந்தது என்ன, அவன் ஏன் இறந்தான் என்று வானொலியிலும் பத்திரிகைகளிலும் ஓயாமல் பேசினார்கள். ஜென்ட்ரியோ பேட்டிகளில் ஒரே பதிலைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: எறியப்பட்ட பொருள் முக்கியமில்லை, ஒரு சாவைப் பேசிக்கொண்டே சாப்பிட்டு முடிக்கும் மனிதர்களின் தம்மையறியாத கொடுமைதான் பாட்டு. தன் பாட்டுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் பொருள் சொல்லிவிட முடியாது. ஆனாலும் கேள்வி நின்றபாடில்லை. 1976இல் வந்த திரைப்படம் அந்தப் புதிருக்கு விடை சொல்வதாகச் சொல்லியே ஓடியது.

இந்தப் பின்னணியில்தான் இரண்டாவது ஆல்பத்தைக் கேட்க வேண்டும். ஜென்ட்ரிக்கு முக்கியமாக இருந்தது பாலம் அல்ல, சாப்பாட்டு மேசை. அந்த மேசையைச் சுற்றி என்னென்ன இருக்கிறது, அதில் உட்கார்ந்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள், எந்தச் சிறைக்குப் போகிறார்கள், ஞாயிறன்று யாருடைய பிரசங்கம் கேட்கிறார்கள் என்பதையெல்லாம் 12 பாடல்களில் விரித்தார். புதிரின் அடுத்த பாகத்துக்குக் காத்திருந்தவர்களிடம் ஓர் ஊரையே எடுத்துக் கொடுத்தார்.

அந்த ஊரை அவர் வெளியிலிருந்து பார்த்து எழுதவில்லை. ரோபர்ட்டா லீ ஸ்ட்ரீட்டர் என்ற இயற்பெயருடன் மிசிசிப்பியின் வடகிழக்கில் உள்ள சிக்கசா கவுன்டியில் பிறந்தவர். பெற்றோர் பிரிந்ததால் தாத்தா பாட்டியின் பண்ணையில் வளர்ந்தார். வீட்டில் மின்சாரம் கிடையாது. பேத்திக்கு இசையில் இருந்த நாட்டத்தைப் பார்த்த பாட்டி, கறவை மாடு ஒன்றைக் கொடுத்து அண்டை வீட்டுப் பியானோவை வாங்கினார் என்பது அவர் வாழ்க்கையில் அதிகம் சொல்லப்பட்ட செய்தி. கொஞ்ச காலம் தந்தையுடன் டெல்டா பகுதியின் கிரீன்வுட் நகரில் இருந்தார். 13 வயதில் தாயிடம் கலிபோர்னியாவுக்குப் போய்விட்டார். பிறகு லாஸ் ஏஞ்சலஸில் தத்துவம் படித்தார், இசைக் கல்லூரியில் இசையமைப்பும் கோட்பாடும் கற்றார். மேடைப் பெயரை 1952இல் வந்த 'ரூபி ஜென்ட்ரி' என்ற படத்திலிருந்து எடுத்துக்கொண்டார்.

இந்த இடப்பெயர்ச்சி ஆல்பத்தின் உள்ளமைப்பையே தீர்மானித்திருக்கிறது. சிக்கசா கவுன்டி கண்டிப்பான நில அமைப்பின்படி டெல்டாவில் சேராது. மிசிசிப்பி, யாசூ ஆகிய இரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட வண்டல் சமவெளிதான் டெல்டா. பருத்தியும் குத்தகை உழவும் புளூஸ் இசையும் செழித்த நிலம் அது. ஜென்ட்ரியின் டெல்டாவில் பாட்டி வீட்டுக் குன்றுப்புறமும் தந்தை வீட்டுச் சமவெளியும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. இந்த ஆல்பத்தின் முதல் பாடலில் வரும் ஒக்கலோனா, சிக்கசா கவுன்டியின் ஊர். நான்காவது பாடலில் வரும் பார்ச்மன் சிறை, டெல்டாவின் நடுவே சன்ஃப்ளவர் கவுன்டியில் இருக்கிறது. பத்தாண்டுக்கு மேல் பசிபிக் கரையில் வாழ்ந்தவர் நினைவிலிருந்து வரைந்த வரைபடம் என்பதால் தூரங்கள் சுருங்கி ஊர்கள் நெருங்கிவிட்டன.

ஆல்பத்தைக் கேப்பிடல் ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. தயாரிப்பாளராகக் கெல்லி கார்டனின் பெயர் அச்சாகியிருக்கிறது. இசைக்கோவை ஜிம்மி ஹாஸ்கெலும் ஷார்ட்டி ரோஜர்ஸும். 'பில்லி ஜோ'வில் ஜென்ட்ரியின் ஒற்றைக் கித்தாருக்குப் பின்னால் ஆறு வயலின், இரண்டு செல்லோ வைத்து அந்தப் புழுக்கத்தை உண்டாக்கியவர் ஹாஸ்கெல். ரோஜர்ஸ் மேற்குக் கரை ஜாஸில் பெயர்பெற்ற டிரம்பெட் கலைஞர். தயாரிப்புப் பொறுப்பில் பெரும்பகுதி தன்னுடையது என்றும், ஒலிப்பதிவுக்கூடத்தில் ஒரு பெண்ணுக்கு அந்தப் பெயரைக் கொடுக்க நிறுவனங்கள் தயாராக இல்லை என்றும் ஜென்ட்ரி பிற்காலப் பேட்டியில் சொன்னார். 1971இல் வந்த 'பேட்ச்வொர்க்' ஆல்பத்தில்தான் தயாரிப்பாளர் என்ற இடத்தில் அவர் பெயர் வருகிறது. 'தி டெல்டா ஸ்வீட்'டைக் கவனமாகக் கேட்பவருக்கு அவர் சொன்னதை நம்புவதில் சிரமம் இருக்காது. பாடல்களை வரிசைப்படுத்தியிருப்பதில் எழுதியவரின் கை அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

அந்த வரிசைதான் இந்த ஆல்பத்தின் பெரிய சாதனை. அன்றைய நாஷ்வில் முறையில் மூன்று மணி நேர அமர்வு ஒன்றில் மூன்று நான்கு பாடல்களைப் பதிந்துவிடுவார்கள். ஆல்பம் என்பது விற்ற ஒரு பாடலும் அதைச் சுற்றி நிரப்பிய பத்துப் பாடல்களும். 'தி டெல்டா ஸ்வீட்'டில் பாடல்களுக்கு இடையே வழக்கமான மௌனம் இல்லை. ஒரு பாடலின் வால் அடுத்த பாடலின் தலைக்குள் கரைகிறது. நடுவில் சின்னச் சின்னத் தந்தி இசைத் துணுக்குகள் பாலம் போடுகின்றன. ஒரு கருவைச் சுற்றி ஆல்பம் அமைப்பதை ஜென்ட்ரிதான் கண்டுபிடித்தார் என்று சிலர் எழுதுவது சரியில்லை. இதே கேப்பிடல் நிறுவனத்துக்காக கன்ட்ரி பாடகி ஜீன் ஷெப்பர்ட் 1956இலேயே ஒரு காதல் உறவை மையமாகக் கொண்ட 'சாங்ஸ் ஆஃப் எ லவ் அஃபேர்' ஆல்பத்தைப் பாடியிருக்கிறார். கன்ட்ரி பாடகர் ஜானி கேஷும் 1960களின் தொடக்கத்தில் அப்படிச் செய்தவர். ஜென்ட்ரி செய்த புதுமை வேறு. ஒரு கதையைத் தொடர்ச்சியாகச் சொல்லாமல், ஓர் இடத்தின் குரல்களை அடுக்கினார். கதைத்தலைவி என்று யாரும் இல்லை. பாடல்தோறும் பேசுகிறவர் மாறுகிறார், கேட்கிறவர் மாறுகிறார், ஊர் மட்டும் மாறாமல் இருக்கிறது.

இசைத்தட்டின் முதல் பக்கம் வெளியுலகம். 'ஒக்கலோனா ரிவர் பாட்டம் பேண்ட்' ஊதுகருவிகளின் ஆர்ப்பாட்டத்தோடு தொடங்குகிறது. ஜென்ட்ரியின் குரல் அதில் கரகரப்பாக, பாதி சிரிப்பாக வருகிறது. 'பில்லி ஜோ'வின் அடங்கிய குரலை எதிர்பார்த்தவர்களுக்கு முதல் நொடியிலேயே அதிர்ச்சி. 1967 நவம்பரில் தனித்தட்டாக வந்தபோது இது 54ஆம் இடத்தோடு நின்றுபோனதில் வியப்பில்லை. அடுத்து 'பிக் பாஸ் மேன்', முதலாளியை நேருக்கு நேர் நின்று கேட்கும் உழைப்பாளியின் பாட்டு. பெண் குரலில் அது வேறு அர்த்தம் கொள்கிறது. நாள் முழுக்க வேலை வாங்குகிறவரிடம் நீ ஒன்றும் பெரியவனில்லை என்று சொல்வது இப்போது வயலில் மட்டும் நடக்கவில்லை, வீட்டிலும் நடக்கிறது.

பிறகு 'ரீயூனியன்'. முழு ஆல்பத்துக்கும் இதுதான் இதயம் என்று நினைக்கிறேன். உறவுக்காரர்கள் கூடியிருக்கும் ஒரு வீட்டின் இரைச்சலே பாட்டு. மெட்டு என்று பெரிதாக எதுவும் இல்லை. தாளத்தின்மேல் பேச்சு ஓடுகிறது. ஒருவர் முடிக்கும் முன் இன்னொருவர் தொடங்குகிறார், குழந்தைகளின் சண்டையும் பெரியவர்களின் ஊர்வம்பும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. இத்தனை குரல்களையும் அடுக்கிப் பதிந்திருப்பது ஒரே பெண்ணின் ஆளுமை. 'பில்லி ஜோ'வில் ஒரு சாவின் நிழலில் கேட்ட அதே சாப்பாட்டு மேசைப் பேச்சு, இங்கே சாவு இல்லாமல் கேட்கிறது. யாரும் யாருடைய பேச்சையும் முழுதாகக் கேட்பதில்லை என்பது இங்கேயும் உண்மை. கொடுமையும் அன்பும் அதே மேசையில், அதே மனிதர்களிடமிருந்து, அதே கவனமின்மையோடு வருகின்றன என்பதை ஜென்ட்ரி இரண்டு பாடல்களையும் சேர்த்துக் காட்டிவிட்டார். 'பில்லி ஜோ'வின் விடையைத் தேடியவர்கள் இந்த மூன்றாவது பாடலைக் கேட்டிருக்க வேண்டும்.

அந்த இரைச்சலுக்கு அடுத்து நேராகச் சிறை வருகிறது. 'பார்ச்மன் ஃபார்ம்' பாடலை எழுதிப் பதிந்தவர் மோஸ் அலிசன், டெல்டாவின் டிப்போ என்ற சிற்றூரில் பிறந்த வெள்ளையர், ஜாஸ் பியானோ கலைஞர். பார்ச்மன் 1901இல் தொடங்கிய மாநிலச் சிறைப் பண்ணை. கைதிகளை வைத்துப் பருத்தி விளைவித்த இடம். அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஜான் லோமாக்ஸும் அவர் மகன் ஆலனும் கைதிகளின் உழைப்புப் பாடல்களை ஒலிப்பதிவு செய்தது அங்கேதான். 1961இல் பேருந்துகளில் நிறப்பாகுபாட்டை எதிர்த்து வந்த விடுதலைப் பயணிகளை அடைத்ததும் அங்கேதான். குடும்பக் கூடலை அடுத்து இந்தப் பாட்டை வைத்ததால், மேசையில் ஒரு நாற்காலி காலியாக இருப்பது போன்ற எண்ணம் வருகிறது.

மற்றவர்கள் எழுதிய பாடல்களை ஜென்ட்ரி தேர்ந்தெடுத்த விதமும் கவனிக்கத்தக்கது. நான்கு மட்டுமே அப்படிப்பட்டவை, மீதி எட்டும் அவர் பெயரில் உள்ளவை. 'பிக் பாஸ் மேன்' பாடலைப் புகழ்பெறச் செய்த ஜிம்மி ரீட் டெல்டாவின் டன்லீத்தில் பிறந்த கறுப்பினக் கலைஞர். அவரும் அலிசனும் ஒரே சமவெளியின் பிள்ளைகள். 'டொபாக்கோ ரோடு' எழுதிய ஜான் டி. லவுடர்மில்க் வட கரோலினாவின் டர்ஹமைச் சேர்ந்தவர், 'லூசியானா மேன்' எழுதிய டக் கெர்ஷா லூசியானாவின் கேஜுன் மக்களிடமிருந்து வந்தவர். சந்தைக்குத் தெரிந்த பாட்டு நாலு இருக்கட்டும் என்று சேர்த்தவையாக இவை ஒலிக்கவில்லை. ஊரின் எல்லைகளை வெளிப்பக்கமாகத் தள்ளும் குரல்கள் இவை.

ஆனால் ஒரு குறையைச் சொல்லாமல் விடக்கூடாது. இந்த ஆல்பத்தில் இனம் பற்றி நேரடியாக ஒரு சொல்கூட இல்லை. ஜென்ட்ரி சிறுமியாக வாழ்ந்த கிரீன்வுட்டுக்குப் பக்கத்தில்தான் மணி என்ற சிற்றூர். 1955இல் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் அங்கிருந்து கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டான். அவன் உடல் கிடைத்தது டாலஹாச்சி ஆற்றில். 1968இன் மிசிசிப்பியைப் பற்றி, அதுவும் பார்ச்மனையும் முதலாளியையும் பாடிக்கொண்டு, நிறத்தைப் பேசாமல் இருப்பது சின்ன விடுபடல் இல்லை. மேசையில் பேசப்படாததுதான் ஜென்ட்ரியின் கலை என்று வாதிடலாம், சிலர் அப்படி வாதிட்டும் இருக்கிறார்கள். எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. 'பில்லி ஜோ'வில் பேசப்படாததைக் கேட்பவர் உணரும்படி எழுதியவர், இங்கே அப்படி உணர்த்த எதையும் வைக்கவில்லை. கறுப்பின மக்களின் இசை இந்த ஆல்பத்தின் எலும்பு வரைக்கும் இறங்கியிருக்கிறது. 'செர்மன்' பாடலே அவர்களின் பழைய தேவாலயப் பாட்டு ஒன்றிலிருந்து எடுத்தது. அதே பாட்டின் இன்னொரு வடிவத்தைத்தான் ஜானி கேஷ் தம் கடைசி நாட்களில் பதிந்தார். அவர்களின் இசை இருக்கிறது, அவர்கள் இல்லை.

முதல் பக்கம் பிரசங்கத்தோடு முடிய, இரண்டாவது பக்கம் மெல்ல வீட்டுக்குள், பிறகு மனசுக்குள் போகிறது. 'டொபாக்கோ ரோடு' வறுமையில் பிறந்த ஊரை வெறுத்தும் விடமுடியாமலும் பேசுகிறது. 'பெண்டுலி பெண்டுலம்' காலம் போவதைப் பற்றி, 'ஜெஸ்ஸி லிஸபெத்' ஒரு சிறுமியின் பெயர் சொல்லி அழைக்கும் தாலாட்டுச் சாயலில். 'ரிஃப்ராக்‌ஷன்ஸ்' ஒரு கனவு, கண்ணாடிப் பறவை ஒன்று வரும் கனவு. இந்த மூன்றிலும் தந்தி வாத்தியங்கள் கொஞ்சம் அதிகமாகவே இனிக்கின்றன. அந்தக் காலத்து ஹாலிவுட் பழக்கம் அது. ஜென்ட்ரியின் கித்தாரைத் தனியே கேட்க விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்த ஆல்பம் வந்து இரண்டே மாதம் கழித்து, 1968 ஏப்ரலில், கன்ட்ரி பாடகி டாலி பார்ட்டனின் இரண்டாவது தனி ஆல்பம் 'ஜஸ்ட் பிகாஸ் ஐ'ம் எ வுமன்' நாஷ்விலிலிருந்து வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் அந்த ஆண்டில் பாட்டெழுதும் தென்மாநிலப் பெண்களுக்கு இருந்த இரண்டு வழிகள் தெரிகின்றன. திருமணத்துக்கு முந்தைய வாழ்க்கையைப் பற்றிக் கணவர் கேட்ட கேள்வியிலிருந்து பிறந்தது பார்ட்டனின் தலைப்புப் பாடல். அதில் ஒரு பெண் தனக்காகத் தானே எழுந்து வாதிடுகிறாள், ஆணுக்கொரு நீதி பெண்ணுக்கொரு நீதியா என்று கேட்கிறாள். ஜென்ட்ரியின் பெண் வாதிடுவதில்லை. மற்றவர்கள் பேசுவதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்கிறாள். பார்ட்டனின் வழி கன்ட்ரி இசை அரங்குக்கு உடனே புரிந்தது. ஜென்ட்ரியை எந்த அலமாரியில் வைப்பது என்று கடைக்காரருக்கே குழப்பம். 'பில்லி ஜோ' பொதுப் பட்டியலில் முதலிடம் பிடித்தபோது கறுப்பின இசைப் பட்டியலில் 8ஆம் இடத்துக்கும், கன்ட்ரி பட்டியலில் 17ஆம் இடத்துக்கும் வந்திருந்தது. வெற்றி பெற்ற பாட்டுக்கு அது பெருமை. வெற்றி பெறாத ஆல்பத்துக்கோ அதே கலப்பு, எந்த வானொலி நிலையமும் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளாத நிலையாக முடிந்தது.

ஜென்ட்ரி அதன்பிறகும் நிற்கவில்லை. பாடகர் கிளென் கேம்பெலுடன் பாடினார், பிபிசியில் சொந்த நிகழ்ச்சித் தொடர் நடத்தினார், 1970இல் 'ஃபேன்ஸி' ஆல்பத்தைத் தந்தார், லாஸ் வேகாஸ் மேடைகளைத் தாமே வடிவமைத்து நடத்தினார். 1980களின் தொடக்கத்தில் பொதுவாழ்விலிருந்து முழுதாக விலகினார். அதன்பின் வந்த கட்டுரைகளில் பாதி, அவர் எங்கே போனார் என்ற புதிரைப் பற்றியவை. பாலத்திலிருந்து எறிந்தது எது என்ற கேள்வியின் உடன்பிறப்புதான் இதுவும்.

ஆல்பத்துக்கு நியாயம் கிடைக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. 2018இல் அவருடைய கேப்பிடல் பதிவுகள் எட்டுக் குறுந்தகடுகளில் தொகுத்து வந்தன. 2020இல் 'தி டெல்டா ஸ்வீட்' தனியாகவும் விரிவான பதிப்பாக வந்தது. நடுவே 2019இல் மெர்க்குரி ரெவ் என்ற ராக் குழு, நோரா ஜோன்ஸ், மார்கோ பிரைஸ், ஃபீபி பிரிட்ஜர்ஸ், பெத் ஆர்ட்டன் போன்ற பாடகிகளை அழைத்துப் பாட்டுக்கு ஒருவராக முழு ஆல்பத்தையும் மறுபடி உருவாக்கியது. தோற்றுப்போன ஓர் ஆல்பத்துக்கு இத்தகைய மரியாதை அபூர்வம். ஒரே ஊரின் பல குரல்களைத் தனியொருத்தி பாடியதைப் பல பெண்களுக்குப் பங்கிட்டதில் ஒரு பொருத்தமும் இருக்கிறது.

ஆனால் அந்த மறு ஆக்கத்தில் ஒரு மாற்றம் செய்தார்கள். 'லூசியானா மேன்' பாடலை எடுத்துவிட்டு, 'ஓட் டு பில்லி ஜோ'வை லூசிண்டா வில்லியம்ஸ் குரலில் கடைசியில் சேர்த்தார்கள். வில்லியம்ஸ் அருமையாகவே பாடியிருக்கிறார். ஆனால் ஜென்ட்ரியின் வரிசையில் 'லூசியானா மேன்' நின்ற இடத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஆற்றங்கரையில் மீனும் தோலும் விற்றுப் பிழைக்கும் குடும்பத்தின் சுறுசுறுப்பான பாட்டு அது, அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் வேலையில் இருப்பார்கள். அது ஓய்ந்ததும் 'கோர்ட்யார்டு' தொடங்குகிறது. ஓர் ஆண் அவளுக்காக அழகான முற்றம் கட்டிக் கொடுத்திருக்கிறான், கேட்டதெல்லாம் தந்திருக்கிறான், அன்பை மட்டும் தரவில்லை. கித்தாருடன் ஏறக்குறைய தனியாகப் பாடுகிறாள். பல பேர் பேசிய மேசையில் தொடங்கி, பேச ஆளில்லாத முற்றத்தில் வந்து நிற்கும் பயணம் அந்த ஒரு பாட்டின் இரைச்சலைத் தாண்டித்தான் முழுமையாகிறது. அதை எடுத்துவிட்டு, முற்றத்துக்குப் பிறகு பாலத்தைக் கொண்டுவந்து வைத்தால், ஆல்பம் மறுபடியும் பழைய கேள்வியில்தான் போய் முடிகிறது. ஜென்ட்ரியை இனிமேல் கேட்கப் போகிறவர்கள் 1968இன் பன்னிரண்டு பாடல்களையும் அவர் வைத்த வரிசையிலேயே, இடையில் நிறுத்தாமல் கேட்க வேண்டும்.